கண்ணாடித் தொட்டியில் பவளம்

பவளத்தைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நான் ஒரு பவளத்தை நோயில் வீழ்த்தியவன்; பின்னர் அதற்குப் பணிவிடை செய்தவன். இவ்விரண்டும் நிகழ்ந்தது கடற்கரையில் அன்று. கடலுக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கும் பெர்லின் நகரத்தில், என் மகன் வீட்டுக் கூடத்தில்.

அக்கூடத்தில் 300 லிட்டர் கடல்நீர் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதனுள் சில சிறு மீன்கள், சில பாறைத் துண்டுகள், அவற்றின்மேல் மான்கொம்பு போலக் கிளைத்து நிற்கும் ஓர் இளம்பழுப்புப் பவளம். மகனும் மருமகளும் எட்டு நாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. ஆவியாகிக் குறையும் நீரைத் தானே நிரப்பும் பொறி அப்போது பழுதுபட்டிருந்தமையால், நாள்தோறும் 4 லிட்டர் நீர் ஊற்றும் வேலையை என்னிடம் ஒப்படைத்துச் சென்றனர். சமையலறையோரம் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் தூய்மையாக்கிய நன்னீர்; மற்றொன்றில் வாரந்தோறும் மாற்றுவதற்கென்று கரைத்து வைத்த உப்புநீர். தொட்டியில் இருப்பது கடல்நீர், ஆகவே குறைவதும் கடல்நீரே என்று என் மனம் கணக்கிட்டது. இரண்டாவது கேனை எடுத்து ஊற்றினேன். எட்டு நாளும் தவறாமல் ஊற்றினேன்.

மாணவ நண்பர்களே, என் பிழை உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இதனைத் தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திகளை உதாரணமாகக் காட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் கற்பித்தவன் நான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நாளொன்றுக்கு 4 லிட்டரென்றால் 140 கிராம். எட்டு நாளில் 1,120 கிராம். அதாவது, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட உப்பை என் கையாலேயே அத்தொட்டியில் சேர்த்துவிட்டேன். லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 39ஐ எட்டியது. மகன் திரும்பி வந்த அன்று பவளத்தின் அடிப்பகுதியில் தசை உரிந்து, உள்ளிருந்த சுண்ணாம்பு எலும்பு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அவன் சினக்கவில்லை. "அப்பா, தாங்கள் உப்பளப் பாடம் நடத்தியபோது முதல் பெஞ்சில் அமர்ந்து கேட்டவன் நான்" என்று மட்டும் சொன்னான். அதைவிட அவன் சினந்திருக்கலாம்.

அதன்பின் பல இரவுகள் அத்தொட்டியின் முன் அமர்ந்திருந்தேன். நோயாளியின் அருகே விழித்திருப்பவனுக்கு அந்நோயாளியின் பூர்வோத்தரம் தெரிந்தாக வேண்டும் அன்றோ? கடலின் அடியிலிருந்த ஓர் உயிரை மனிதன் எப்போது வீட்டுக்குள் கொண்டுவந்தான், எப்படி அதை வாழவைக்கக் கற்றான் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் என் மனத்தில் நின்றவற்றையே இங்குச் சொல்கிறேன்.

முதற்கண், பவளம் இன்னது என்று அறியவே மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. கல்லா, செடியா, பிராணியா? 1706ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பிரபுவாகிய லூயிஜி மார்சிலி என்பவர், மார்செய் நகருக்கு அருகே மீனவர் எடுத்த சிவப்புப் பவளக் கிளைகளை உடனே கடல்நீர் நிரம்பிய பாத்திரத்தில் இட்டுவைத்தார். சிறிது நேரத்தில் கிளையெங்கும் எட்டிதழ் கொண்ட வெண்ணிற மலர்கள் விரிந்தன. வெளியே எடுத்தால் மறைந்தன. நீரில் இட்டால் மீண்டும் விரிந்தன. பவளம் பூக்கிறது, ஆகவே அது செடியே என்று அவர் முடிவு கட்டினார். கற்றோர் உலகம் மகிழ்ந்து ஒப்புக்கொண்டது.

மார்சிலியின் வழியே ஆராயப் புகுந்தவர் ழான் ஆந்த்ரே பெய்சொனல் என்னும் இளம் மருத்துவர். அவரும் அதே மார்செய் நகரத்தவரே. 1720களில் அந்நகரத்திலும், பின்னர் வட ஆப்பிரிக்கக் கரையிலும் அவர் இதே சோதனையைச் செய்தார். ஆனால் அவர் மலரைக் கண்டு வியந்ததோடு நிற்கவில்லை. அதைத் தொட்டுப் பார்த்தார். தொட்டவுடன் அது சுருங்கியது. அழுகவிட்டார்; அது தழை அழுகும் வாடையாக இல்லை, புலால் நாற்றமாக இருந்தது. மலர் என்று நினைத்தவை இரை தேடும் சிறு பிராணிகள் என்று அவர் பாரிஸிலிருந்த விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். அக்கழகத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரான ரேயோமூர் அதை நம்பவில்லை. இப்படியொரு நகைப்புக்குரிய கருத்தைச் சொன்னவரின் பெயரை வெளியிடாதிருப்பதே அவருக்குச் செய்யும் உபகாரம் என்று கருதி, பெயரை மறைத்தே 1727இல் அதனை மறுத்துப் பேசினார். 1740களில் திராம்ப்ளே என்பார் நன்னீரில் வாழும் ஹைட்ரா என்னும் பிராணியை ஆராய்ந்து வெளியிட்ட பிறகுதான் ரேயோமூர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தவற்றை ஒப்புக்கொண்டது அவர் பெருமை. ஆனால் அதற்குள் பெய்சொனல் கடல் கடந்து குவாதலூப் தீவில் மருத்துவராகப் போய்விட்டார். வகுப்பில் ஒரு மாணவன் எதிர்பாராத விடை சொல்லும்போது அவனை உடனே உட்காரச் சொல்லிவிடும் வழக்கம் ஆசிரியர்களாகிய எங்களுக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

பாத்திரத்தில் ஒரு பவளத்தைச் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பது வேறு. ஆண்டுக்கணக்கில் உயிரோடு காப்பது வேறு. இரண்டாவதை முதலில் செய்து காட்டியவர்களுள் ஒருவர் ஆங்கிலப் பெண்மணியான அன்னா தின். அவர் 1846ஆம் ஆண்டில் டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, பாறையிடுக்கில் வாழும் கிண்ணப் பவளங்கள் சிலவற்றைக் கண்டு ஆசை கொண்டு, ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுசென்றார். அவை உருண்டு புரளாமலும், நாற்புறமும் நீர் படும்படியும் இருக்க, ஊசி நூல் கொண்டு ஒவ்வொன்றையும் கடற்பஞ்சில் தைத்து வைத்தாராம். இவ்வளவு நுட்பம் எந்த ஆராய்ச்சிக் கூடத்தில் தோன்றும்?

லண்டனில் கடல்நீருக்கு எங்கே போவது? முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்றினார். கையிருப்பு குறையவே, இருக்கிற நீரையே புதுப்பிக்க ஒரு வழி கண்டார். திறந்த சன்னலருகே நின்று, அரை மணி முக்கால் மணி நேரம், நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டே இருப்பது. நம் ஊரில் காப்பி ஆற்றுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது காற்று நீரில் கலக்கிறது, பிராணவாயு கரைகிறது. 1847இல் கடற்பாசிகளையும் உடன் வைத்து, அவை வெளியிடும் பிராணவாயுவால் நீர் கெடாமல் இருக்கச் செய்தார். அவருடைய பவளங்கள் பிழைத்ததோடு பெருகவும் செய்தன. 1859இல் அவர் குறிப்புகள் ஒரு விஞ்ஞான இதழில் வெளிவந்தன.

இங்கே ஒரு செய்தி என்னை நெடுநேரம் நிறுத்தியது. நீரை ஆற்றிக்கொண்டே இருந்த கைகள் அந்த அம்மையாருடையவை அல்ல. அவர் வீட்டுப் பணிப்பெண்ணுடையவை. அலுப்பூட்டும் அவ்வேலையை அச்சிறுமி விளையாட்டாகவே கருதினாள் என்று அம்மையாரே எழுதியிருக்கிறார், பெயரை எழுதவில்லை. பவளத்துக்கு நெடுங்காலம் பணிவிடை செய்த முதல் மனிதர்கள் யார் என்று வரலாற்றைக் கேட்டால், நம்மிடம் ஒரு பெயரும் ஒரு ஜோடிக் கைகளுமே இருக்கின்றன.

பின்னர் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞரும், பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை நூலாசிரியரும் இக்கலையை வளர்த்தனர். காஸ் நான்கு உப்புகளைக் கொண்டு செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையை 1854இல் வெளியிட்டார். குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும் என்பதை அவர்கள் காலத்திலேயே அறிந்திருந்தனர் என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தைச் சிறிது நேரம் மூடிவைத்தேன். காஸின் நூல்களைப் படித்த மக்கள் வாளியும் உளியுமாகக் கடற்கரைகளுக்குப் படையெடுத்து, பாறைக் குட்டைகளிலிருந்த உயிர்களையெல்லாம் பெயர்த்துச் சென்றனர். தந்தை காட்டிய அழகை மக்கள் சூறையாடியதை அவர் மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட நூலில் வருத்தத்தோடு எழுதினார். அந்த மோகத்தின் அலை நம் சென்னைக்கும் வந்தது. அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் உருவான கடல்வாழ் உயிர்க் காட்சிசாலை, மெரினாக் கரையில் 1909இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்னா தின் வளர்த்தது குளிர்கடலில் தனித்து வாழும் கிண்ணப் பவளம். தீவுகளையும் திட்டுகளையும் கட்டும் வெப்பக்கடல் பவளத்தை அவ்வாறு தொட்டியில் இட்டால் சில வாரங்களில் மடிந்தது. நீரை ஆற்றினாலும் மடிந்தது. உணவு கொடுத்தாலும் மடிந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இந்தப் புதிர் அவிழவில்லை. காரணம், வெப்பக்கடல் பவளம் ஓர் உயிரே அன்று. அது ஒரு கூட்டுக்குடித்தனம். அதன் தசையினுள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. பகலில் அவை ஒளிச்சேர்க்கையால் உணவு சமைத்துப் பவளத்துக்குப் பெரும்பங்கு கொடுக்கின்றன. பவளம் இடமும் உரமும் தருகிறது. பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தக் குடிகளின் நிறமே.

1928ஆம் ஆண்டில் மாரிஸ் யாங் என்பவர் தலைமையில் ஒரு குழு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், லோ தீவுகளில் ஓராண்டு தங்கி ஆராய்ந்தது. பவளங்களை இருட்டில் வைத்தபோதும், நீரைச் சூடேற்றியபோதும் அவை தம் பாசிகளை வெளியே தள்ளி வெளுத்துப்போவதை அக்குழுவினர் கண்டனர். பவளம் வெளுத்தல் என்று இன்று செய்தித்தாள்களில் படிக்கிறீர்களே, அதுதான் இது. பாசி பவளத்துக்கு உண்மையில் உணவு தருகிறதா என்ற வாதம் மேலும் முப்பது ஆண்டு நீடித்தது. 1950களின் இறுதியில், கதிரியக்கமுள்ள கரியைக் கொண்டு, பவளத்தின் உறவினமாகிய கடற்சாமந்தியில் அது தெளிவாக்கப்பட்டது. பாசி உட்கொண்ட கரி, பிராணியின் தசையில் வந்து நின்றது. கணக்கில் விடை சரிபார்த்தாற்போல.

ஆக, வெப்பக்கடல் பவளத்துக்கு வேண்டியது வெயில். இதை ஏட்டிலிருந்து அன்றி அனுபவத்திலிருந்து அறிந்தவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய பாறைகளை எடுத்துவந்து, தொட்டியை வெயில் படும் இடத்தில் வைத்து, ஒரு சிறு குழாய் வழியே காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டார். வடிகட்டும் கருவி எதுவும் இல்லை. பாறைகளில் வாழும் நுண்ணுயிர்களே கழிவைத் தின்று நீரைக் காத்தன. தம் முறையை 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1956இல், நியூ காலிடோனியாவின் நூமியா நகரில் ரெனே கத்தலா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு காட்சிசாலை அமைத்து, கடல்நீரை ஓயாது பாய்ச்சிப் பவளங்களை வாழவைத்திருந்தார்.

இவ்விருவருக்கும் கடல் பக்கத்தில் இருந்தது, வெயிலும் இருந்தது. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் பெர்லினுக்கு இரண்டும் இல்லை. அங்கேதான் டீட்ரிச் ஸ்டூபர் போன்ற ஆர்வலர்கள், 1970களிலும் 80களிலும், வேலை முடிந்த மாலை நேரங்களில், வீட்டுத் தொட்டிகளிலேயே இக்கலையை நிலைபெறச் செய்தனர். உயிருள்ள பாறை, சூரியனுக்கு ஈடான வலிய விளக்கு, நீரை அலைபோல் புரட்டும் பொறி, கழிவை நுரையாகப் பிரிக்கும் குழாய். கடைசியாகச் சொன்னது விந்தையான கருவி. மிக நுண்ணிய குமிழிகளை நீரில் செலுத்தினால், கரைந்துள்ள அழுக்கு குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே நுரையாகத் திரளும், அதை வழித்தெடுத்துவிடலாம். வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் அழுக்கு நுரையை எடுப்பதைக் கண்டவர்களுக்கு இதில் புதுமை இராது. ஸ்டூபர் வளர்த்த கொம்புப் பவளம் ஒன்று, துண்டு துண்டாக நறுக்கப்பட்டு நண்பர் கைமாறி ஐரோப்பாவெங்கும் பரவியது. முருங்கைக் கிளையை நட்டு மரமாக்குவது போல, பவளக் கிளையையும் ஒட்டி வளர்க்க முடியும் என்பது இதனால் ஊரறிந்த உண்மையாயிற்று.

இனி, நம் நோயாளியிடம் திரும்புவோம். உப்பு மிகுந்துவிட்டது என்று தெரிந்தவுடன் நன்னீரைக் குடம் குடமாக ஊற்றிவிட எனக்குக் கை துடித்தது. மகன் தடுத்தான். உப்பு ஏறியது ஒரு துன்பமென்றால், அது திடீரென்று இறங்குவது அதனினும் பெரிய துன்பமாம். நாள்தோறும் தொட்டியிலிருந்து 4 லிட்டரை எடுத்துவிட்டு, அதற்கும் ஆவியானதற்கும் சேர்த்து நன்னீர் ஊற்றினோம். எட்டு நாளில் ஏற்றியதை எட்டு நாளில் இறக்கினோம். விளக்கின் வன்மையைக் குறைத்தோம். உரிந்து மிதக்கும் தசையை மெல்லிய குழாயால் உறிஞ்சி அகற்றினோம். அது அழுகினால் நீர் முழுதும் கெடும்.

நான் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அளவுகோலைக் கண்ணாடிமேல் வைத்து, வெள்ளை எலும்பு எவ்வளவு உயரம் தெரிகிறதென்று குறிப்பேட்டில் எழுதிவந்தேன். முதல் நாள் இரண்டு சென்டிமீட்டர். நான்காம் நாள் நான்கரை. கோடு நிற்கவில்லை, நீர் சரியாகிக்கொண்டிருந்தும் நோய் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. தொடங்கிவிட்ட அழிவு, காரணம் நீங்கிய பின்னும் சில காலம் தன் வேகத்திலேயே போகும் போலும். ஐந்தாம் நாள் மகன், "இனிக் காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது" என்று சொல்லி, எலும்பு நறுக்கும் கத்தரியால், நலமாயிருந்த ஐந்து கிளைநுனிகளை நோய்க்கோட்டுக்கு மேலே தள்ளி வெட்டினான். மளுக்கென்று சுண்ணாம்பு ஒடியும் ஓசை எனக்குப் பிடிக்கவில்லை. நுனிகளை அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் நனைத்து, சிறு கற்களில் பசைகொண்டு ஒட்டி, நீரோட்டம் நன்றாகப் படும் இடத்தில் வைத்தான். தாய்ப் பவளம் அவ்வாரத்திலேயே மாண்டது. ஐந்தில் இரண்டு நுனிகள் அதைத் தொடர்ந்தன.

வீட்டுத் தொட்டியில் கற்ற இக்கைவேலை இன்று கடலுக்கே மருந்தாகச் செல்கிறது. 2014இல் ஃபுளோரிடாவில், மயாமி நகரருகே, பவளத் தசையைச் சில வாரங்களில் உரித்துவிடும் ஒரு கொள்ளைநோய் தோன்றி, இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கியது. முக்குளிப்போர் அமாக்சிசிலின் என்னும் மருந்தைப் பசையாகக் குழைத்து, கடலடியில் ஒவ்வொரு பவளத்தின் புண்ணிலும் கையால் தடவினர். நோய் எட்டாத இடங்களிலிருந்து நலமுள்ள பவளங்களை முன்கூட்டியே எடுத்து, அமெரிக்க நாட்டின் பல மாநிலக் காட்சிசாலைத் தொட்டிகளில் அடைக்கலம் வைத்தனர். லண்டனில், அன்னா தின் வாழ்ந்த அதே நகரில், ஹார்னிமன் பொருட்காட்சிசாலையில் 2013இல், விளக்குகளால் நிலவின் வளர்பிறை தேய்பிறைகளையும் பருவத்தின் வெப்பத்தையும் தொட்டிக்குள் நடித்துக்காட்டி, வெப்பக்கடல் பவளங்களைக் கருவணு உதிர்க்கச் செய்தனர்.

நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. முருகைக்கல் என்று அவற்றைப் பெயர்த்துப் படகு படகாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் இட்டோம். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படும் முன்பே ஏராளம் போய்விட்டது. அத்தீவுகளுள் இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. 2001 முதல் பவளம் நம் நாட்டில் புலியைப் போலவே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படும் உயிர். ஆகவே, இதைக் கேட்டு ஆசைகொண்டு இராமேசுவரத்திலிருந்து ஒரு துண்டை யாரும் வீட்டுக்கு எடுத்துவந்துவிடாதீர்கள், அது குற்றம். பெர்லினில் என் மகன் வளர்ப்பது கடலிலிருந்து பெயர்த்ததன்று. மற்றோர் ஆர்வலரின் தொட்டியிலிருந்து நறுக்கிப் பெற்றது.

நான் ஊர் திரும்பும்போது மூன்று நுனிகளும் உயிரோடிருந்தன, ஆனால் வளரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு படம் வந்தது. ஒரு நுனியின் அடியில், பசை காய்ந்த இடத்தைச் சுற்றி, தோசைக்கல்லில் மாவு பரவினாற்போல் மெல்லிய பழுப்புத் தசை கல்லின்மேல் படர்ந்திருந்தது. மகன் அதன் பக்கத்தில் என் பழைய அளவுகோலையும் வைத்துப் படம் எடுத்திருந்தான். ஆறு மில்லிமீட்டர். குறிப்பேட்டை எடுத்து, தேதியிட்டு, எழுதிக்கொண்டேன்.